681-இல் பல்கேரிய அரசு பிறந்ததா? எனக்கு ஒப்புதல் இல்லை

ஏடுபுரட்டி:

பல்கேரிய வரலாறு என்று எதைத் திறந்தாலும் "681-இல் அரசு நிறுவப்பட்டது" என்றுதான் தொடங்குகிறார்கள். 1981-இல் 1300-ஆம் ஆண்டு விழாவை நாடு முழுக்கக் கொண்டாடி, ஷுமென் ஊருக்கு மேலே குன்றின்மீது பெரிய கான்கிரீட் நினைவுச்சின்னமே எழுப்பினார்கள். எனக்கு இந்த ஆண்டுக்கணக்கில் நம்பிக்கை இல்லை. ஏன் என்று சொல்கிறேன், மறுக்கிறவர்கள் சான்றோடு மறுங்கள்.

கதை தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாக. கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் பல்கர்கள் என்ற குதிரைக் குடிகள் இருந்தார்கள். துருக்கியக் குடும்பத்து மொழி, இன்றைக்கு வோல்கா ஆற்றுப் பக்கம் பேசும் சுவாஷ் மொழி அதற்கு நெருங்கிய உறவு. 630-களில் குப்ராத் என்ற தலைவர் அவார்கள் என்ற இன்னொரு குதிரைக் குடியின் பிடியை உதறிவிட்டு இவர்களை ஒன்று சேர்த்தார். அவர் இறந்தபின் கிழக்கிலிருந்து கஸார்கள் நெருக்க, பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். அதில் அஸ்பாரூக் டான்யூப் கழிமுகத்துக்குப் பக்கத்தில் ஒங்லோஸ் என்ற சதுப்பு நிலத்தில் வந்து தங்கினார். 680-இல் பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசர் நான்காம் கான்ஸ்டன்டைன் படையோடு போனார். சதுப்புக்குள் இறங்க முடியவில்லை. காலில் வாத வலி என்று வைத்தியத்துக்காக அவர் கருங்கடல் துறைமுகமான மெசெம்ப்ரியாவுக்குக் கப்பலேற, பேரரசர் தப்பி ஓடுகிறார் என்ற வதந்தி பரவி, படை சிதறியது. துரத்திக்கொண்டு வந்த பல்கர்கள் ஆற்றைக் கடந்து வர்ணா வரை வந்துவிட்டார்கள். 681-இல் ஆண்டுதோறும் ஒரு தொகை தருகிறேன் என்று பேரரசர் ஒப்புக்கொண்டு சமாதானமானார்.

அவ்வளவுதான் 681. ஒரு படை வென்றது, பணம் வாங்கியது. இதே பைசாந்தியத்திடம் அவார்களும் பல பத்தாண்டுகள் பணம் வாங்கினார்கள், அவர்களுடைய ஆதிக்கம் 800 வாக்கில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பணம் வசூலிக்கும் குதிரைக் கூட்டத்தை அரசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்சியாளர் தன் ஆளை அனுப்பி ஓர் ஊரை நேராக ஆள்கிறாரா, அங்கிருக்கும் மக்கள் நினைத்தால் கிளம்பிப் போய்விட முடியுமா முடியாதா, இதுதான் என் அளவுகோல். அப்படிப் பார்த்தால் பல்கேரிய அரசு 9-ஆம் நூற்றாண்டில், ஓமூர்தாக் என்ற ஆட்சியாளரின் காலத்தில்தான் உருவாகிறது.

ராசு_திண்டுக்கல்:

ஏடுபுரட்டி சார், பாதிக் கதையைச் சொல்லி முழுத் தீர்ப்பு கொடுத்துவிட்டீர்கள்.

ஆற்றைக் கடந்த உடனே அஸ்பாரூக் என்ன செய்தார்? அங்கே ஏற்கெனவே குடியிருந்த ஸ்லாவ் குலங்களில் செவேரி என்ற குலத்தை வெரெகாவா கணவாய்க்குப் பக்கத்திலிருந்து கிழக்காகக் குடியமர்த்தினார். மற்ற ஏழு குலங்களைத் தெற்கிலும் மேற்கிலும் அவார் எல்லை வரை வைத்தார். இதைச் சொல்கிறவர் பல்கர் யாரும் இல்லை, பைசாந்தியத் துறவி தியோபனிஸ். அதாவது கணவாய்க்குக் காவல், மேற்கு எல்லைக்குக் காவல், நடுவில் தன் ஆட்கள். வந்த கையோடு நிலத்தைக் கூறுபோட்டு யார் எந்தப் பக்கம் காக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறவன் வெறும் கொள்ளைக்காரனா?

இரண்டாவது, 681 ஆகஸ்ட் 9. பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் கிறிஸ்தவத் திருச்சபையின் ஆறாவது பொதுச் சங்கம் நடந்துகொண்டிருக்கிறது. சிரியாவின் அபாமேயாவிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் என்ற பாதிரியார் எழுந்து, நான் சொல்ல வந்ததை முன்னமே கேட்டிருந்தால் பல்கேரியாவில் நடந்த போரில் இவ்வளவு பட்டிருக்க மாட்டோம் என்று பேசுகிறார். கவனியுங்கள், பல்கர்களோடு நடந்த போர் என்று சொல்லவில்லை, பல்கேரியாவில் என்கிறார். சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அன்றைக்கே ஏறிவிட்ட சொல். மக்களின் பெயர் நிலத்தின் பெயராக மாறிவிட்டது.

மூன்றாவது, 716 ஒப்பந்தம். திராசில் (பல்கேரியாவுக்குத் தெற்கே இருந்த பைசாந்திய நிலப்பகுதி) எல்லைக்கோடு, ஆண்டுக்கு 30 பவுண்டு தங்கம் பெறுமானமுள்ள உடைகளும் சிவப்புத் தோல்களும், ஓடிவரும் அகதிகளை இரு தரப்பும் திருப்பி அனுப்புவது, வணிகர்கள் முத்திரையிட்ட சீட்டோடுதான் வர வேண்டும், முத்திரை இல்லாத சரக்கு பறிமுதல். சுங்க முத்திரையைச் சரிபார்க்க ஆள் இல்லாத கூட்டத்தோடு யாராவது இப்படி ஒப்பந்தம் எழுதுவார்களா? 681-க்கும் இதற்கும் 35 ஆண்டுதான் இடைவெளி.

இளவெயினி:

நீங்கள் இருவரும் குதிரை மேல் இருப்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கீழே உழுதுகொண்டிருந்தவர்கள் எங்கே?

அந்த ஏழு குலங்களைப் பற்றித் தியோபனிஸ் எழுதிய இடத்தில் ஒரு கிரேக்கத் தொடர் இருக்கிறது. அவர்கள் "பாக்தொன்" என்பதற்குக் கீழே இருந்தார்கள் என்கிறார். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை. அது ஒப்பந்தம் என்று ஒரு தரப்பு, அப்படியென்றால் ஸ்லாவ்களும் பல்கர்களும் கூட்டாளிகள். கப்பம் என்று இன்னொரு தரப்பு, அப்படியென்றால் ஸ்லாவ்கள் அடங்கிக் கட்டியவர்கள். என் கருத்து முதல் பக்கம்தான். செவேரிகளைக் கணவாய்ப் பக்கம் குடிவைத்து எல்லையை ஒப்படைக்கிறார்கள் என்றால் அவர்கள் கையில் ஆயுதம் இருந்திருக்கிறது. நம்பிக்கை இல்லாத அடிமையிடம் யாரும் வாசல் சாவியைக் கொடுப்பதில்லை. குதிரைக் குடிகள் எண்ணிக்கையில் குறைவு, தானியம் விளைவித்தவர்கள் ஸ்லாவ்கள், கடைசியில் நாட்டு மொழியாக நின்றதும் ஸ்லாவ் மொழிதான். ஆக 681-இல் பிறந்தது ஒரு கூட்டாட்சி. அதை அஸ்பாரூக்கின் சொந்த உடைமைபோலப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏடுபுரட்டி:

இளவெயினி, அதே பத்தியில் சில வரிகள் தள்ளிப் படியுங்கள். பேரரசர் பல்கர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கச் சம்மதித்த தொகையையும் தியோபனிஸ் அதே சொல்லால்தான் குறிக்கிறார். ஒரே ஆசிரியர் ஒரே பத்தியில் ஒரே சொல்லை அங்கே பணம் என்ற பொருளிலும் இங்கே நட்பு என்ற பொருளிலும் போட்டிருப்பார் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தவிர தியோபனிஸ் எழுதியது சம்பவம் நடந்து 130 ஆண்டுகள் கழித்து, கையில் இருந்த ஏதோ ஒரு பழைய குறிப்பைப் பார்த்து. அதே குறிப்பைப் பார்த்து எழுதிய நிகெபோரஸ் என்ற இன்னொரு பைசாந்திய வரலாற்றாசிரியரும் கிட்டத்தட்ட இதே கதையைச் சொல்கிறார். சொல் நுணுக்கத்தை ஓரளவுக்கு மேல் இழுக்க முடியாது.

சரி, கூட்டாட்சி என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படி நடந்தது என்று பாருங்கள். 762 வாக்கில் தெலெத்ஸ் என்பவர் ஆட்சியைப் பிடித்ததும் ஸ்லாவ்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டே கிளம்பிப் பேரரசரிடம் போய்விட்டார்கள். நிகெபோரஸ் தரும் எண்ணிக்கை 2,08,000. எண் மிகையாக இருக்கட்டும், பாதி என்று வையுங்கள், கால்வாசி என்று வையுங்கள். ஆசியா மைனரில் பித்தினியாவில் அர்தானாஸ் ஆற்றங்கரையில் அவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்த வேண்டி வந்திருக்கிறது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டில் பேரரசர் ஆள் அனுப்பி ஸ்லாவூன் என்ற செவேரித் தலைவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். அதாவது 680-இல் குடியமர்த்திய செவேரிகள் 80 ஆண்டுக்குப் பிறகும் சொந்தத் தலைவரோடு, சொந்தமாகத் திராசில் கொள்ளையடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மக்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போகிறார்கள், தடுக்க ஆள் இல்லை. ராசு சொன்ன எல்லைக் காவல் எங்கே போயிற்று?

அதோடு 753 தொடங்கி 777 வரை ஆட்சியாளர்களின் வரிசையைப் பாருங்கள். வினேக் கொல்லப்படுகிறார். தெலெத்ஸ் 763 ஜூன் 30-இல் அங்கியாலஸ் போரில் தோற்றதும் சொந்த ஆட்களே கொல்கிறார்கள். சபின் ஓடிப்போகிறார். உமோர் 40 நாள். பிறகு தோக்து, பகான், கடைசியில் தெலெரிக் கான்ஸ்டான்டிநோபிளுக்கே ஓடிப்போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறார். இதையா அரசு என்கிறீர்கள்?

ராசு_திண்டுக்கல்:

ஆமாம், அதைத்தான் அரசு என்கிறேன். நீங்கள் எடுத்துப் போட்ட இந்த 25 ஆண்டுதான் என் பக்கத்துக்கு மிகப் பெரிய ஆதாரம்.

சபின் ஏன் ஓடினார் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அவர் பேரரசருக்குச் சமாதானத் தூது அனுப்பினார். உடனே பல்கர்கள் சபை கூட்டி, உன்னால் பல்கேரியா ரோமானியர்களுக்கு (பைசாந்தியர்களுக்கு) அடிமையாகப் போகிறது என்று எதிர்த்து நின்றார்கள். இதையும் தியோபனிஸ்தான் எழுதியிருக்கிறார். நாடு வேறு, நாட்டை ஆள்கிற ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் பேசுகிற பேச்சு அது. ஆளை மாற்றுகிறார்கள், நாட்டைக் கலைக்கவில்லை. பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் தரை வழியாகவும் கடல் வழியாகவும் மாறி மாறிப் படையெடுத்தார், பல்கேரியாவை ஒழித்தே தீருவது என்று இறங்கிய மனிதர். அவர் 775-இல் பல்கர்களை நோக்கிக் கிளம்பிய ஒரு படையெடுப்பின்போதே நோய்வாய்ப்பட்டு இறந்தார். பல்கேரியா இருந்தது. 792-இல் பல்கர் ஆட்சியாளர் கர்தாம் மார்கெல்லே கோட்டை அருகே பைசாந்தியப் படையை நன்றாகவே அடித்து நொறுக்கினார். அவார்களை நீங்கள்தான் ஒப்பிட்டீர்கள். சார்லமேனின் சில படையெடுப்புகளும் உள்சண்டையும் சேர்ந்ததும் அவார்கள் மொத்தமாகச் சரிந்தார்கள். இதே அளவு அடி வாங்கிய பல்கேரியா சரியவில்லை. வித்தியாசம் என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, ஆட்சியாளர் பட்டியல். பழைய ரஷ்யக் கையெழுத்துப் பிரதிகளுக்குள் ஸ்லாவ் மொழியில் மாட்டிக்கொண்டு பிழைத்த சின்ன ஏடு அது. அவிதோகோல் 300 ஆண்டு, இர்னிக் 150 ஆண்டு என்று புராணக் கணக்கில் தொடங்கும். பிறகு குர்த் (இவர்தான் குப்ராத் என்று கொள்கிறார்கள்) 60 ஆண்டு. இவர்களோடு இன்னும் இருவரையும் சேர்த்து ஐந்து பேரும் டான்யூபின் அந்தக் கரையில் மழித்த தலையோடு 515 ஆண்டு ஆண்டார்கள், பிறகு இஸ்பெரிக் இந்தக் கரைக்கு வந்தார் என்று எழுதியிருக்கிறது. இஸ்பெரிக் என்றால் அஸ்பாரூக். ஒவ்வொருவருக்கும் எந்தக் குலம், பன்னிரண்டு விலங்குச் சுழற்சியில் எந்த ஆண்டு பட்டம் என்று குறித்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன அந்த 40 நாள் உமோருக்கும் அதில் இடம் உண்டு, குலம் உண்டு, ஆண்டு உண்டு. 40 நாள் ஆண்டவனைக் கூட விடாமல் எழுதுகிறார்கள் என்றால் பதவி என்ற ஒன்று மனிதனைத் தாண்டி நின்றிருக்கிறது.

வர்ணா_மேகலா:

வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், நான் வர்ணாவில் மருத்துவம் படிக்கிறேன், இந்த இடங்கள் எல்லாம் எனக்கு ரயில் தூரம். பாறையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

மதாரா ஊர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் 100 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. அதில் தரையிலிருந்து 23 மீட்டர் மேலே ஒரு குதிரை வீரன் செதுக்கியிருக்கிறான். குதிரையின் முன்காலடியில் ஈட்டி பாய்ந்த சிங்கம், பின்னால் ஓடிவரும் நாய். கழுத்து வலிக்கப் பார்த்தும் முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, 1300 ஆண்டு மழையிலும் பனியிலும் பாறை அவ்வளவு கரைந்திருக்கிறது. வெயில் சாய்ந்ததும் குதிரையின் முதுகு ஒரு கோடாக எழுந்தது, அதற்கப்புறம் நாயும் தெரிந்தது. அதைச் சுற்றி எழுத்து இருக்கிறது, கீழிருந்து வெறும் கண்ணால் படிக்க வழியே இல்லை.

அந்த எழுத்து என்ன சொல்கிறது என்பதுதான் விஷயம். மூக்கறுபட்ட பேரரசரை, அதாவது இரண்டாம் ஜஸ்டினியனை, தெசலோனிக்காப் பகுதியில் இருந்த என் சிற்றப்பன்மார் நம்பவில்லை என்று பல்கர் ஆட்சியாளர் தெர்வெல் பேசுகிறார். 695-இல் மூக்கை அறுத்துத் துரத்திய அந்தப் பேரரசரை 705-இல் பல்கர் படையோடு போய் மறுபடி அரியணையில் வைத்தவர் தெர்வெல்தான். அதற்குக் கைம்மாறாக அவருக்குச் சீசர் பட்டமும் ஸகோரே நிலப்பகுதியும் கிடைத்தன. சீசர் தெர்வெல் என்று பொறித்த ஈய முத்திரையே கிடைத்திருக்கிறது. அதில் தேவமாதாவே உதவி செய் என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. பாறையில் அவருக்குப் பிறகு வந்தவர்களும் தங்கள் தங்கள் பேரரசர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களையும் வந்த பொன்னையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஒரே பாறையில், ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர். ராசு அண்ணா சொன்ன பதவி என்ற பேச்சுக்கு இது பொருந்துகிறது.

ஆனால் மொழி கிரேக்கம். எழுதத் தெரிந்தவர்கள் பைசாந்தியத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதனால் இந்த அரசு உருவானதில் எதிரியின் பங்கை நாம் குறைத்துப் பேசுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இளவெயினி:

மேகலா, அருமை. எதிரியின் பங்கு பற்றி நீங்கள் சொன்னது 813 வாக்கில் பொறித்த ஹம்பார்லி கல்வெட்டில் கண்கூடாகத் தெரியும். பல்கர் ஆட்சியாளர் க்ரூம் திராசில் பிடித்த நிலத்தை வலப்பக்கம் இடப்பக்கம் என்று பிரித்து நிர்வாகம் அமைக்கிறார். இது புல்வெளிப் பழக்கம். ஒரு பக்கம் கவ்கான் இராதாய்ஸ் பொறுப்பில் (கவ்கான் என்றால் ஆட்சியாளருக்கு அடுத்த இடம்). அவர்களுக்குக் கீழே பர்தானிஸ், கிரெகோராஸ் என்று கிரேக்கப் பெயருள்ள தளபதிகள், அவர்களுடைய பதவிப் பெயரும் பைசாந்தியப் பதவிப் பெயரே.

அதே க்ரூம் 812-இல் சமாதானம் பேச அனுப்பிய தூதரின் பெயர் தர்கமேர். சுத்தமான ஸ்லாவ் பெயர். 811 ஜூலை 26-இல் மலைக்கணவாயில் பேரரசர் முதலாம் நிகெபோரஸைக் கொன்று, மண்டையோட்டுக்கு வெள்ளி பூசி, அதில் ஸ்லாவ் தலைவர்களைக் குடிக்க வைத்தார் என்கிறார் தியோபனிஸ். அந்த விருந்தில் குறிப்பாக ஸ்லாவ் தலைவர்கள் ஏன்? அவர்கள் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. ஏடுபுரட்டி, 762-இல் ஓடியவர்களைச் சொன்னீர்கள், 811-இல் கூட நின்றவர்களையும் சொல்லுங்கள்.

ராசு_திண்டுக்கல்:

தர்கமேர் கொண்டுபோன ஓலையில் என்ன இருந்தது என்பதும் முக்கியம். க்ரூம் கேட்டது புதிதாக ஒன்றும் இல்லை, 716 ஒப்பந்தத்தை அப்படியே புதுப்பிக்க வேண்டும் என்றார். அதே எல்லை, அதே 30 பவுண்டு, அதே வணிகர் முத்திரை, அதே அகதிகள் ஷரத்து. கிட்டத்தட்ட நூறு ஆண்டு, நடுவில் ஏடுபுரட்டி சார் அடுக்கிய அத்தனை கொலை, அத்தனை ஓட்டம், இருந்தும் ஒப்பந்தத்தின் ஷரத்துகள் பல்கர் தலைநகர் பிளிஸ்காவில் யாருக்கோ வரிவரியாகத் தெரிந்திருக்கிறது. கான்ஸ்டான்டிநோபிளில் அகதிகளைத் திருப்பித் தர மாட்டோம் என்று வாதாடி மறுத்தார்கள். க்ரூம் நவம்பரில் மெசெம்ப்ரியாவைப் பிடித்தார், அங்கே கிரேக்க நெருப்பை (எதிரிமேல் பீய்ச்சும் எரிதிரவம்) வீசும் 36 குழாய்கள் அவர் கைக்கு வந்தன. ஆக, ஓடிப்போன ஆட்களுக்காக ஒரு நகரமே போயிற்று.

ஏடுபுரட்டி:

இந்த நூறாண்டு நினைவு எனக்கு உறைத்தது, உண்மையாகவே. வெறும் பணம் வசூலிக்கும் கூட்டம் என்று முதல் பதிவில் எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். அது அவசரத்தில் எழுதியது, தெர்வெல் காலத்துக்கு அது பொருந்தாது.

ஆனால் அகதிகள் ஷரத்து இரண்டு தரம் வருகிறது என்பதையே திருப்பிப் பாருங்கள். திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்றால் திரும்பத் திரும்ப ஓடுகிறார்கள். 818-க்கு வாருங்கள். திமோக் ஆற்றங்கரையில் இருந்த திமோசியானி என்ற ஸ்லாவ் குலம் பல்கர்களை விட்டு விலகி, பிராங்கியப் பேரரசர் லூயியிடம் தூது அனுப்புகிறது. பிராங்கிய அரச ஆண்டேட்டில் அதற்குப் போட்டிருக்கும் இலத்தீன் சொல், அவர்கள் பல்கர்களின் "சொசியெதாஸ்" விட்டு வந்தார்கள் என்று. தோழமை, கூட்டு என்ற பொருள். இது இளவெயினிக்கு நான் கொடுக்கும் சான்று, கூட்டு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டு என்றால் விட்டுப் போகலாம். போனார்கள்.

ஓமூர்தாக் அதை விடவில்லை. 824-இல் எல்லையைப் பேசித் தீர்க்கலாம் என்று லூயிக்குத் தூது மேல் தூது அனுப்பினார். பதில் இழுத்துக்கொண்டே போயிற்று. 827-இல் பல்கர் படை திராவா ஆற்றில் படகுகளில் ஏறிப் போய், அங்கிருந்த ஸ்லாவ்களின் தலைவர்களைத் துரத்திவிட்டு, பல்கர் ஆளுநர்களை அவர்கள் மேல் வைத்தது. இதுவும் அதே ஆண்டேடு. 680-இல் செவேரிகளை இடம் மாற்றினார்கள், தலைவரை விட்டுவைத்தார்கள். 827-இல் தலைவரையே மாற்றுகிறார்கள். எனக்கு இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில்தான் அரசு பிறக்கிறது, இரண்டாவது காட்சியில்தான் அது முழுதாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

ஓமூர்தாக்கின் 822-ஆம் ஆண்டு சதலார் கல்வெட்டையும் படித்துப் பாருங்கள். தான் பிளிஸ்காவில் இருந்துகொண்டே திச்சா ஆற்றங்கரையில் இன்னொரு அரண்மனை கட்டியதாகவும், தூண்களின் மேல் சிங்கங்கள் வைத்ததாகவும் சொல்லிவிட்டு, கடைசியில் கட்டிய காலத்தை இரண்டு விதமாகக் குறிக்கிறார். பல்கர் கணக்கில் எருது ஆண்டு, கிரேக்கக் கணக்கில் பதினைந்தாவது இந்திக்தியோன் (பதினைந்து ஆண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டு). ஒரே கல்லில் இரண்டு நாட்காட்டி. இப்படி எழுதி வைக்க ஓர் அலுவலகம் வேண்டும்.

புதுவாசகன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அரசு 827-இல் முழுமை பெற்றது என்றால் பல்கேரிய ஆட்சியாளர் போரிஸ் 864-இல் ஞானஸ்நானம் வாங்கியபோது ஏன் அவ்வளவு பெரிய கலகம் வந்தது? மதம் மட்டும்தான் காரணமா?

ஏடுபுரட்டி:

மதம் ஒரு காரணம், அதிகாரம் இன்னொன்று. பிராங்கிய ஆண்டேடு ஒன்றில் 866-ஆம் ஆண்டுக் குறிப்பு இருக்கிறது. நாட்டின் பத்து மாவட்டங்களிலிருந்தும் பிரபுக்கள் திரண்டு வந்து அரண்மனையைச் சூழ்ந்தார்கள், போரிஸ் 48 பேரோடு வெளியே வந்து அவர்களை வென்றார், முக்கியமான 52 பேரைக் கொன்றார். அதிசயத்தை விட்டுவிடுங்கள், "பத்து மாவட்டங்கள்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். குலங்களின் பெயரே இல்லை. செவேரி, ஏழு குலம், திமோசியானி, எதுவும் வரவில்லை. கலகம் செய்கிறவர்கள்கூட மாவட்டக் கணக்கில் வருகிறார்கள்.

இளவெயினி:

கலகம் செய்தவர்கள் பெரும்பாலும் பழைய பல்கர் பிரபுக் குடும்பங்கள் என்பதுதான் பொதுவான கருத்து. அந்த அடிக்குப் பிறகு அவர்கள் பலம் குன்றியது, ஸ்லாவ்களுக்கும் பல்கர்களுக்கும் நடுவில் இருந்த சுவர் தளர்ந்தது. 886 வாக்கில் ஸ்லாவ் மொழியில் வழிபாட்டைக் கற்பித்த மெத்தோடியஸின் சீடர்களான கிளெமென்ட்டும் நவுமும் மொராவியாவிலிருந்து விரட்டப்பட்டு வந்தபோது போரிஸ் அவர்களை வரவேற்று இடம் கொடுத்தார். தென்மேற்கில் கிளெமென்ட் கற்பித்த மாணவர்கள் மட்டும் 3,500 பேர் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. 893-இல் சிமியோன் பட்டத்துக்கு வந்தார், தலைநகர் பிரெஸ்லாவுக்குப் போயிற்று, வழிபாட்டு மொழி ஸ்லாவ் மொழி ஆயிற்று. கல்லில் கிரேக்கம், வீட்டில் பல்கர் பேச்சு, வயலில் ஸ்லாவ் பேச்சு என்று இருந்த நாட்டில் எல்லாரும் ஒரே மொழியில் பிரார்த்தனை கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு இது 827 படகுகளைவிடப் பெரிய விஷயம். மேலிருந்து ஆளுநர் வைப்பது ஆட்சி, அதைக் கீழே இருப்பவன் தன்னுடையது என்று நினைக்க மொழி வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் 762-இல்போலக் கூட்டமாக ஓடியதாகக் குறிப்பே இல்லையே.

ராசு_திண்டுக்கல்:

ஓடவில்லை என்பதற்கு மொழி மட்டும் காரணம் இல்லை. 866-இல் போரிஸ் போப் முதலாம் நிக்கோலஸுக்கு ஒரு நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்பினார், போப் 106 பதில் எழுதினார். குதிரை வாலைக் கொடியாகப் பிடிக்கலாமா, கால்சட்டை போடலாமா என்பது வரை கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பதில் எல்லைக் காவல் பற்றியது. உங்கள் நாட்டுக்கும் அண்டை நாடுகளுக்கும் நடுவில் எப்போதும் காவலர் நிற்பது உங்கள் வழக்கம், அடிமையோ சுதந்திர மனிதனோ அவர்களைத் தாண்டித் தப்பி ஓடிவிட்டால் தயக்கமே இல்லாமல் அந்தக் காவலர்களைக் கொன்றுவிடுகிறீர்கள் என்று எடுத்துச் சொல்லி, அதைக் கைவிடச் சொல்கிறார் போப்.

ஏடுபுரட்டி சார், மக்கள் நினைத்தால் கிளம்பிப் போக முடியுமா முடியாதா என்ற உங்கள் அளவுகோலுக்கு நேரான சான்று இது. உங்கள் பக்கத்துக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் போப் அதைப் பல்கர்களின் வழக்கம் என்கிறார், 866-இல் புதிதாகக் கொண்டுவந்த சட்டம் என்று சொல்லவில்லை. அதன் வேர் 716 அகதிகள் ஷரத்தில், அதற்கும் முன்னால் கணவாய்ப் பக்கம் செவேரிகளை வைத்ததில் இருக்கிறது என்பேன். முதல் காவல் ஓட்டையாக இருந்திருக்கலாம், 762-இல் உடைந்தே போயிருக்கலாம். காவல் போட வேண்டும் என்ற எண்ணம் முதல் ஆண்டிலேயே வந்துவிட்டது. 681-ஐ நான் விட மாட்டேன்.

ஏடுபுரட்டி:

எண்ணம் இருந்தது, சரி. செவேரிகளை வைத்தது வெளியிலிருந்து பைசாந்தியப் படை உள்ளே வராமல் இருக்க. போப் பேசுகிற காவல் உள்ளேயிருந்து ஆள் வெளியே போகாமல் இருக்க. முகம் திரும்பி நிற்கும் திசையே வேறு. அந்தத் திருப்பம் எப்போது என்று கேட்டால் 681 என்று என்னால் சொல்ல முடியாது. இதில் நமக்குள் ஒத்துப்போகாது, இருக்கட்டும்.

மேகலா, ஒன்று கேட்க வேண்டும். பிளிஸ்கா போயிருக்கிறீர்களா? அந்த வெளி மண் அரண் இன்னும் தெரிகிறதா?

வர்ணா_மேகலா:

போன வசந்தத்தில் போனேன் அண்ணா. வெளி அரண் 21 கிலோமீட்டர் சுற்றளவு, உள்ளே 23 சதுர கிலோமீட்டர். ஆனால் இருக்கும் இடம் தெரியாமல் அதைக் கடந்து போய்விடலாம், வயலுக்கு நடுவே புல் மூடிய மேடுபோலத்தான் இருக்கிறது. பக்கத்தில் போய் நின்றால்தான் வெளிப்புறம் அகழி இருந்த பள்ளம் கண்ணுக்குப் படும். உள்ளே கல்கோட்டையின் கிழக்கு வாசலை ஓரளவு மறுபடி எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த வாசலிலிருந்து பெரிய பசிலிக்காவை நோக்கி நடந்தேன், ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். போரிஸ் ஞானஸ்நானம் வாங்கியபின் கட்டிய தேவாலயம், நீளம் கிட்டத்தட்ட 100 மீட்டர். அதன் தளத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் சுற்றிலும் கோதுமை, தூரத்தில் அந்த மேடு. தேவாலயம் பழைய மண் அரணுக்கு உள்ளேதான் இருக்கிறது. அரணை அவர்கள் இடிக்கவில்லை.